கோத்தகிரியில் 25 குஞ்சுகள்: மூன்று இரவுகளில் நேர்ந்த இழப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

கோத்தகிரியிலிருந்து கோடநாடு செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீடொன்றில், சென்ற ஐப்பசியில் வாங்கி வந்த 25 கோழிக்குஞ்சுகளில் 14 குஞ்சுகள் மூன்றே இரவுகளில் இறந்துபோயின. வீட்டார் அதை வெள்ளைக்கழிச்சல் என்று எண்ணி, மருந்துக்கடையில் சொல்லி ஒரு மாத்திரையை வாங்கி வந்து தண்ணீரில் கரைத்து வைத்திருந்தனர். கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் அருகில் இருக்கிறேன் என்று யாரோ சொல்ல, நான்காம் நாள் காலையில் என்னை அழைத்தார்கள். அந்த 14 குஞ்சுகளில் ஒன்றுகூட நோயால் இறக்கவில்லை என்பதே நான் கண்ட முடிவு. மலையில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எத்தனையோ வீடுகளில் இதே இழப்பு நேர்கிறது. நோயின் பெயரைச் சொல்லிப் புதைத்துவிடுகிறார்கள், மறு ஆண்டும் அதே விதமாக வாங்கி வருகிறார்கள். அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன். குடும்பத்தாரின் இசைவோடுதான் எழுதுகிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

வாங்கி வந்த நாள்

குடும்பத் தலைவர் மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். மொபெட்டின் இரு பக்கமும் கூடை கட்டி, ஒலிபெருக்கியில் கூவி விற்றுக்கொண்டு வந்தவரிடம் குஞ்சுகளை வாங்கியிருக்கிறார். "ஒரு நாள் குஞ்சுங்க, எல்லாம் நாட்டுக்கோழி, ஒரு பல்பு போட்டு விட்டாப் போதும்" என்று விற்றவர் சொன்னாராம். வயதைப் பொறுத்தவரை அவர் சொன்னது ஏறக்குறைய சரியே. நாட்டுக்கோழி என்றது முழுவதும் சரியன்று. 20 குஞ்சுகள் கலப்பு நாட்டு ரகம், மற்ற ஐந்தும் மஞ்சள் நிறத்தில் சற்றே பருத்த கறிக்கோழிக் குஞ்சுகள். பல்பைப் பற்றிய பேச்சுதான் பெரிய சேதத்தை விளைவித்தது.

பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு பகுதி மிச்சமிருக்கும். அந்தக் கையிருப்பைக் கொண்டு தீனியும் தண்ணீரும் இல்லாமல் ஏறத்தாழ 72 மணி நேரம் வரை அது உயிரோடு இருக்க முடியும். பொரிப்பகங்கள் அட்டைப்பெட்டியில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்ப முடிவதும் அதனால்தான். ஆனால் இந்த மூன்று நாள் கணக்கைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கையிருப்பு உணவுக்கும் நீருக்கும் மட்டுமே ஈடாகும், சூட்டுக்கு ஈடாகாது. குஞ்சு குளிரில் விறைத்துவிட்டால் அந்த மஞ்சள் கரு உடலில் சேராமல் அப்படியே தேங்கி, உள்ளேயே கெட்டுப்போகவும் தொடங்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் மட்டும் காற்றின் வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை, அன்றும் தூறிக்கொண்டிருந்தது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை, காற்றோட்டம் வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், பேருந்தின் சன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். வீடு வந்து சேரும்போது இரவு ஏழரை மணி. பெட்டியின் ஒரு பக்கம் நனைந்து தொய்ந்திருந்தது.

மூன்று இரவுகள்

அடுக்களை மூலையில், சிமென்டுத் தரைமேல் வேறொரு பெரிய பெட்டியை வைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, மேலே ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டார்கள். தட்டையான எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீரும், காகிதத்தின்மேல் அரிசிக் குருணையும் வைத்தார்கள். பெட்டிக்குள் நல்ல வெளிச்சம் இருந்ததால் சூடும் இருக்கும் என்று நம்பினார்கள்.

இந்த நம்பிக்கையில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. "பல்பு போட்டால் போதும்" என்ற பேச்சு குண்டு பல்புக் காலத்தில் பிறந்தது. குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறும். வெளிச்சம் அதில் சிறு பங்கு. எல்.இ.டி. பல்பு குறைந்த மின்சாரத்தில் அதே வெளிச்சத்தைத் தருவதே, வெப்பத்தை வீணாக்காமல் இருப்பதால்தான். நமக்குச் சேமிப்பாகும் அந்த வெப்பம்தான் குஞ்சுக்கு உயிர். பல்பு மாறிப்போன பின்னும் சொல் மாறவில்லை. நான்காம் நாள் இரவு அதே மூலையில், அதே பல்புக்கு அடியில், தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், அதாவது குஞ்சின் முதுகு இருக்கும் மட்டத்தில், வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். அதிகாலை நான்கு மணிக்கு அது 14 டிகிரி காட்டியது. முதல் வாரக் குஞ்சுக்கு அந்த மட்டத்தில் வேண்டியது 35 டிகிரி.

முதல் இரவில் மூன்று குஞ்சுகள் இறந்தன. மறுநாள் பகலில் இரண்டு. அவை கிண்ணத்துத் தண்ணீருக்குள் இறங்கி நனைந்தவை. இரண்டாம் இரவில் நான்கு. அந்த இரவைப் பற்றி வீட்டு அம்மா சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "ராத்திரி பூரா கத்திக்கிட்டே இருந்துச்சுங்க சார். விடியக்காலம் சத்தம் நின்னுபோச்சு. சரி, தூங்கிடுச்சுன்னு நெனச்சுட்டோம்." குளிரும் குஞ்சு இடைவிடாமல், உரத்த குரலில், ஒரே சுருதியில் கத்தும். சூடு போதுமானால் இடைவெளி விட்டு, மெல்லிய கீச்சொலியாக, தனக்குள் பேசுவதுபோல ஒலிக்கும். அந்த உரத்த குரல் சட்டென்று நின்றால், சூடு கிடைத்துவிட்டது என்றோ, கத்தத் தெம்பில்லை என்றோ பொருள். வெளியே மழை பெய்யும் ஐப்பசி விடியலில் தானாகச் சூடு வர வழியில்லை.

இறந்தவற்றில் பல, பெட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த கும்பலின் அடியில் இருந்தன. குளிரில் குஞ்சுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து குவியும். மேலே இருப்பவை பிழைக்கும், அடியில் இருப்பவை மூச்சு முட்டிப் போகும்.

மூன்றாம் நாள் மாலை வீட்டார் குளிர்தான் காரணமோ என்று ஐயுற்றார்கள். அந்த ஐயம் சரியானது. அதற்கு அவர்கள் செய்த மாற்றுதான் தவறாகிவிட்டது. சீகை மரக் கரியை வெளியே கனிய விட்டு, புகை முழுவதும் அடங்கிய பிறகு, கரியடுப்பை அடுக்களைக்குள் கொண்டுவந்து பெட்டியருகே வைத்து, கதவைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கும் திணித்தார்கள். குஞ்சுகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அடுக்களையிலேயே படுக்கக் கேட்டிருக்கிறாள். தாய் மறுத்து, உள்ளறைக்கு அழைத்துக்கொண்டார். காலையில் ஐந்து குஞ்சுகள் இறந்து கிடந்தன. வீட்டிலிருந்த மூவருக்கும் தலைவலி. தந்தைக்குக் குமட்டலும் இருந்தது.

புகை இல்லாத கரியில் ஆபத்து இல்லை என்பது மலைவாசிகளிடையே ஊறிப்போன எண்ணம். கனிந்த கரி, காற்று குறைந்த அறையில் கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. உடல் எடைக்குப் பறவைகள் இழுக்கும் காற்று மிகுதி என்பதால் மனிதருக்கு முன்பே அவை சாய்ந்துவிடும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த வாயுவை அறிந்துகொள்வதற்காகவே கேனரிக் குருவிகளை 1986 வரை உடன் கொண்டுசென்றார்கள். அந்த லயன் வீட்டில் அன்றிரவு ஐந்து குஞ்சுகள் அந்த வேலையைச் செய்தன என்றுதான் நான் நினைக்கிறேன். குளிர் காய்வதற்காக மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளை நாம் படித்துத்தான் இருக்கிறோம். இந்தக் கட்டுரையை வாசிப்பவர் குஞ்சு வளர்க்காவிட்டாலும் இந்த ஒரு பத்தியை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அறுத்துப் பார்த்தபோது

அன்று காலை இறந்த ஐந்தையும் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். மருத்துவர் மூன்றை அறுத்தார். தோலை உரித்ததுமே நெஞ்சுச் சதை மாதுளை முத்தின் நிறத்தில் பளிச்சென்று சிவந்து தெரிந்தது. சாதாரணமாக இறந்த குஞ்சின் சதை அப்படி இருக்காது. அந்த வாயு கலந்த இரத்தத்தின் நிறம் அது. வயிற்றைத் திறந்தபோது, மூன்றிலும் மஞ்சள் கருவின் பை பெருநெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. ஒன்றில் அது பச்சை படர்ந்து, தொட்டால் கூழாகக் கசிந்தது. அந்த வயதில் அது வற்றிச் சுருங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் இரண்டு மூன்று குருணைகளே கிடந்தன. குடலில் புண் இல்லை, இரத்தக்கசிவு இல்லை, மூச்சுக்குழலில் சளி இல்லை. கரியடுப்பு இல்லாவிட்டாலும் அவற்றில் ஒன்றிரண்டு பிழைத்திருக்காது என்று மருத்துவர் சொன்னார்.

வெள்ளைக்கழிச்சல் என்ற எண்ணம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உயிரோடிருந்த குஞ்சுகளில் மூன்றின் பின்பக்கத்தில் எச்சம் வெண்மையாகக் காய்ந்து துவாரத்தையே அடைத்திருந்தது. குளிரிலும் பயணத்திலும் தளர்ந்த குஞ்சுகளுக்கு இது வழக்கமாக வருவது. தமிழில் வெள்ளைக்கழிச்சல் என்று வழங்குவது ராணிக்கெட் நோய். அது வந்தால் மூச்சுத் திணறும், கழுத்து திருகும், காலும் இறக்கையும் செயலிழக்கும், கழிச்சல் பச்சையும் வெள்ளையுமாகப் போகும். இங்கே அவற்றில் ஒன்றும் இல்லை. சாவும் வந்த இரவே தொடங்கி, பகலில் குறைந்து, இரவில் மட்டும் கூடியது. நோய் இரவையும் பகலையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. குஞ்சு வந்த முதல் சில நாட்களில் சாவு நேர்ந்தால், நோயின் பெயரைத் தேடும் முன் இரவு நேரத்துச் சூட்டைத்தான் தேட வேண்டும் என்பது, இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தவற்றிலிருந்து எனக்கு உறுதியாகியுள்ளது.

எஞ்சிய 11 குஞ்சுகள்

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் 100 வாட் குண்டு பல்பைத் தேடினோம். இப்போது அது எளிதில் கிடைப்பதில்லை. நான்காவது கடையில், பழைய சரக்கில் இரண்டு இருந்தன, இரண்டையும் வாங்கினோம். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி மரப்பலகைமேல் வைத்தோம். செய்தித்தாளை எடுத்துவிட்டு, தச்சுப்பட்டறையிலிருந்து கொண்டுவந்த சில்வர் ஓக் இழைப்புச் சுருளை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினோம். வழவழப்பான காகிதத்தில் நிற்கும் குஞ்சுக்குக் கால் பிடிமானம் இல்லாமல் இரு பக்கமும் விரிந்துபோகும். ஒன்றுக்கு ஏற்கெனவே அப்படி ஆகத் தொடங்கியிருந்தது. மரத்தூள் வேண்டாம் என்று சொன்னேன், தீனி என்று எண்ணிக் கொத்தித் தின்றுவிடும்.

பல்பைப் பெட்டியின் ஒரு கோடியில், மின்கம்பியை நம்பாமல் தனியாகச் சங்கிலியில், கூளத்திலிருந்து முக்கால் முழ உயரத்தில் கட்டினோம். மேலே பாதிப் பெட்டிக்கு மட்டும் பலகை வைத்து மூடி, மறு பாதியைத் திறந்து விட்டோம். பல்பின் அடியில் 34 டிகிரியும் எதிர்க்கோடியில் 24 டிகிரியும் இருந்தன. இந்த வேறுபாடு வேண்டுமென்றே வைத்தது. பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் குஞ்சுக்கு விலகிப் போக இடம் இராது; சூடு மிகுந்தால் இறக்கையை விரித்து வாய் திறந்து இளைக்கும், அதுவும் உயிரைக் குடிக்கும். இரண்டு கோடிக்கும் இடையே அது தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். வெப்பமானி இல்லாத வீட்டில் இரண்டு அடையாளங்கள் போதும். குஞ்சுகள் பரவலாகப் படுத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு குஞ்சை எடுத்து அதன் பாதங்களை நம் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று இருந்தால் குஞ்சு குளிரில் இருக்கிறது.

அடைத்திருந்த எச்சத்தை வெதுவெதுப்பான நீரில் பஞ்சு நனைத்து ஊற வைத்து, பிய்க்காமல் துடைத்தெடுத்து, தேங்காய் எண்ணெய் தடவினோம். மாத்திரைத் தண்ணீரைக் கொட்டிவிட்டோம். கிண்ணத்தில் கூழாங்கற்களைப் போட்டு, குஞ்சின் அலகு மட்டும் நனையும்படி செய்தோம். குருணையை நிறுத்தி, குஞ்சுத் தீவனம் வாங்கி வைத்தோம். அரிசியில் புரதம் ஏழு எட்டு விழுக்காடுதான். வளரும் குஞ்சுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு வேண்டும்.

அன்றிரவு பத்தரை மணிக்கே மின்தடை வந்தது. மழைக்காலத்து மலையில் அதை எதிர்பார்த்தே ஆக வேண்டும். எவர்சில்வர் தூக்குவாளியில் சுடுநீர் ஊற்றி, மூடி இறுக்கி, பழைய துண்டால் இரண்டு சுற்று சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். குஞ்சுகள் அதை ஒட்டிப் படுத்துக்கொண்டன. இரண்டு மணி நேரம் அது தாங்கியது. அதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. அன்றிரவு ஒரு குஞ்சும் சாகவில்லை. அடுத்த நான்கு நாட்களில் இரண்டு இறந்தன. இரண்டுக்கும் தொப்புள் பகுதி வீங்கி, மஞ்சள் கரு கெட்டிருந்தது. முதல் இரவின் குளிர் அவற்றை அப்போதே முடித்துவிட்டது என்று சொல்லலாம். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் சூட்டைக் குறைத்துக்கொண்டு வந்தோம்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்காம் வாரத்தில், மூடுபனி விடாமல் சூழ்ந்து கூளம் ஈரமேறியபோது, எச்சத்தில் இரத்தம் தெரிந்தது. ஈரக் கூளத்தில் பெருகும் இரத்தக்கழிச்சல் அது. கூளம் முழுவதையும் மாற்றி, மருத்துவர் எழுதிய ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்ததில் ஒன்றைத் தவிர மற்றவை தேறின. ராணிக்கெட் தடுப்பு மருந்து முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டாக விட வேண்டியது. ஆனால் பத்துக் குஞ்சு வைத்திருப்பவருக்கென்று தனியாக மருந்துக்குப்பி வருவதில்லை, கரைத்த மருந்தையும் ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும். லயனில் குஞ்சு வைத்திருந்த மற்ற மூன்று வீடுகளையும் சேர்த்துக்கொண்டு, பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் மருந்தைக் கொண்டுவந்து ஒரே காலையில் அனைத்துக்கும் விட்டோம். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு பிப்ரவரியில் துறையே நடத்தும் இருவார முகாமில் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

கறிக்கோழிக் குஞ்சு ஐந்தில், முதல் வாரத்தைத் தாண்டியது ஒன்றே. அது மற்றவற்றைவிட இரு மடங்கு வேகத்தில் வளர்ந்து, ஆறாம் வாரத்தில் கொண்டை நீலம் பாரித்து, வயிறு உப்பி, ஒரு மாலையில் விழுந்துவிட்டது. அறுத்தபோது வயிற்றில் வெளிர்மஞ்சள் நீர் தேங்கியிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் காற்றில் பிராணவாயு குறைவு. விரைந்து வளரும்படி உருவாக்கிய அந்த உடலுக்கு அது போதாமல், இதயத்தின் வலப்பக்கம் அளவுக்கு மீறி உழைத்துத் தளர்ந்துவிடும்; குளிர் அதை இன்னும் விரைவுபடுத்தும். கோத்தகிரி உயரத்தில் வீட்டில் வளர்ப்பதற்குக் கறிக்கோழிக் குஞ்சை வாங்கவே கூடாது என்பது என் கருத்து. கூடையில் அது கலந்திருந்தால், நெஞ்சு அகன்று கால் தடித்து இருப்பதைக்கொண்டு பிரித்துவிடலாம்.

25 குஞ்சுகளில் மூன்று மாதம் கடந்தவை ஏழு. நான்கு பெட்டை, மூன்று சேவல்.

மாசியில் வாங்கிய 12

அதே வீட்டில் மாசி மாதம் மறுபடியும் குஞ்சு வாங்க விரும்பினார்கள். அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் மகிழ்ச்சியோடு சரி என்றேன். ஆனால் இம்முறை பல்பைத் தேட வேண்டாம், அடைக்கோழியைத் தேடுவோம் என்று சொன்னேன். 15 குஞ்சுக்கு உட்பட்ட வீட்டு வளர்ப்புக்கு, இந்தக் குளிரில், அடைக்கோழிக்கு இணையான கருவி இல்லை. வளர்ந்த கோழியின் உடற்சூடு 41 டிகிரிக்கு மேல். மின்தடை அதற்குக் கிடையாது. குஞ்சுக்கு வேண்டும்போது இறக்கைக்குள் போகும், வேண்டாதபோது வெளியே வரும்.

பக்கத்து லயனில் சிறுவிடை என்ற நாட்டு ரகக் கோழி ஒன்று கூமுட்டைகளின்மேல் 18 நாட்களாக அடை கிடந்தது. மலைக்குக் கீழே உள்ள பொரிப்பகத்தில் குஞ்சு வரும் நாளைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, பொரித்த மறுநாளே 12 குஞ்சுகளை எடுத்து வந்தோம். ஒவ்வொன்றின் தொப்புளும் மூடியிருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, கையில் பிடித்தால் உதைக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். பெட்டியில் கூளமிட்டு, கம்பளித் துணி போர்த்தி, பேருந்தில் சன்னலை மூடிவிட்டுக் காலடியில் வைத்துக்கொண்டோம். பகலில் புறப்பட்டு, வெயில் இருக்கும்போதே வீடு சேர்ந்தோம்.

இருட்டிய பின், விளக்கில்லாமல், பஞ்சாரத்துக்குள் கையை விட்டு ஒவ்வொரு முட்டையாக எடுத்து, அந்த இடத்தில் ஒவ்வொரு குஞ்சாக வைத்தார் அந்த அம்மா. கோழி முதலில் கரகரவென்று உறுமியது. மூன்றாவது குஞ்சு உள்ளே போனதும் குரல் மாறிவிட்டது. தாழ்ந்த தொனியில் கொக் கொக்கென்று, குஞ்சுகளைக் கூப்பிடும் குரல். சிறுமி பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்து, இரவு ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, விடியற்காலை நான்கு மணி என்று எழுதி வைத்திருந்தாள். மூன்று வேளையும் தாயும் மகளும் எழுந்து போய்ப் பஞ்சாரத்தருகே காதை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். நோட்டில் மூன்று இடத்திலும் "மெல்ல" என்று எழுதியிருந்தது.

எட்டாம் வாரத்தில் 11 குஞ்சுகள் இருந்தன. ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று, பட்டப்பகலில், தேயிலைச் செடிகளுக்கு இடையே.